ஒரே நாளில் ஐந்து கல்லூரி: அந்தக் காரில் ஏறலாமா?

கேள்வி: என் மகள் இரண்டாம் பி.யு.சி. (பிளஸ் டூ) படிக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க ஆசை. கர்நாடக அரசின் நுழைவுத் தேர்வான சி.இ.டி., தனியார் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வான காமெட்-கே இரண்டும் எழுதப் போகிறாள். தெரிந்தவர் ஒருவர், "ஞாயிற்றுக்கிழமை என் காரிலேயே ஐந்து இன்ஜினியரிங் கல்லூரி காட்டுகிறேன், பணமே வேண்டாம்" என்கிறார். போகலாமா? போனால் எதைப் பார்ப்பது? நானும் என் கணவரும் அதிகம் படிக்காதவர்கள்.
- ஒரு தாய், அல்சூர், பெங்களூரு

பதில்: சகோதரி, அந்தக் காரில் ஏறாதீர்கள். பெட்ரோல் போட்டு, நாள் முழுக்க அலைந்து, மதியச் சாப்பாடும் வாங்கித் தருகிறவர் அதை உங்களிடம் வாங்காவிட்டால் வேறு எங்கோ வாங்குகிறார் என்றுதான் பொருள். உங்கள் மகள் சேர்ந்ததும் கல்லூரி தரும் கமிஷன்தான் அவருடைய கூலி. ஆகவே எந்தக் கல்லூரி கமிஷன் தருகிறதோ அந்தக் கல்லூரிகள்தான் அந்த ஐந்தில் இருக்கும்.

அதிலும் ஞாயிற்றுக்கிழமை! வகுப்பு இல்லை, பிள்ளைகள் இல்லை. ஏ.சி. போட்ட அட்மிஷன் அறை, பளபளக்கும் ஆடிட்டோரியம், பெரிய பெரிய கம்பெனிப் பெயர்கள் அச்சிட்ட பேனர், அவ்வளவுதான் கண்ணில் படும். வேலை நாளில் போங்கள். நீங்களும் மகளும் பி.எம்.டி.சி. பஸ்ஸிலேயே போங்கள். சக்தி திட்டம் 2023-இல் வந்ததிலிருந்து கர்நாடகத்தில் குடியிருக்கும் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் செலவு இல்லை. அல்சூரிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். நான்கு வருடம் தினமும் அந்த வழியில் போய் வரப் போகிறவள் அவள்தானே.

ஒரு நாளைக்கு ஒரு கல்லூரி போதும். கேட்டில் கேட்டால் அட்மிஷன் அறைக்கு அனுப்புவார்கள். அங்கே தரும் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்டைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மறுத்தால் அதுவே ஒரு தகவல். அனுமதித்தால் முதலில் அறிவிப்புப் பலகையில் வகுப்பு அட்டவணையைப் பாருங்கள். முதல் வருடத்தில் எத்தனை செக்‌ஷன் என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். ஏ, பி, சி என்று தொடங்கி எங்கே போய் நிற்கிறது? ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்களுக்கு மேல் கூடாது என்று முன்பு ஒரு வரம்பு இருந்தது. 2024-25 முதல் நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு, இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. அந்த வரம்பை எடுத்துவிட்டது. இடங்களைக் கூட்ட ஒரு கடிதம் போதும், ஆசிரியரை ஒரே வருடத்தில் எங்கிருந்து கொண்டு வருவார்கள்? இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அப்புறம் லேப். வாசலிலேயே நின்று உள்ளே பாருங்கள். கம்ப்யூட்டர்கள் பிளாஸ்டிக் உறைக்குள் தூங்குகின்றனவா, பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்கிறார்களா? கதவருகே மேஜையில் ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். கடைசியாக எந்தத் தேதியில் மாணவர் கையெழுத்து இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். ஒரு கல்லூரியில் நான் பார்த்த ரெஜிஸ்டரில், மார்ச் மாதத்தில் கடைசி வரி முந்தைய நவம்பரில் இருந்தது. அந்த லேபை விளம்பரப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதையும் கூச்சப்படாமல் பாருங்கள்.

கேன்டீனில் ஒரு காபி குடியுங்கள். பெங்களூரில் கேன்டீனிலோ கேட்டிலோ தமிழ் பேசும் ஒரு அண்ணா பெரும்பாலும் இருப்பார். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும் மூன்றாம் வருடப் பெண்களிடம் உங்கள் மகளே பேசட்டும். கல்லூரி தானாக அறிமுகப்படுத்தும் மாணவர் வேண்டாம். வேலை எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கும்போது, அதிகபட்சச் சம்பளத்தைக் கேட்காதீர்கள். வகுப்பில் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேளுங்கள்.

வாசலில் 'என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம்' என்று பேனர் தொங்கும். அது கல்லூரி முழுவதற்கும் கிடையாது, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி, அதற்கு முடிவுத் தேதியும் உண்டு. மெக்கானிக்கலுக்கு வாங்கியதை வைத்துக் கம்ப்யூட்டர் சீட்டை விற்பார்கள். அதே போல ஒரே டிரஸ்ட், கிட்டத்தட்ட ஒரே பெயர், இரண்டு கல்லூரி. பழைய நல்ல கல்லூரியைக் காட்டிவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் புதியதில் சீட் போடுவார்கள். சி.இ.டி. நடத்தி சீட் ஒதுக்கும் கர்நாடகத் தேர்வு ஆணையத்தின் (கே.இ.ஏ.) பட்டியலில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கிறது. நீங்கள் பார்த்ததும் சீட் தருவதாகச் சொல்கிறவர் சொல்வதும் ஒரே எண்தானா என்று ஒப்பிடுங்கள்.

பார்க்காமல், எந்தக் கல்லூரி வேண்டும் என்று கே.இ.ஏ.-வில் பதியும் விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரியையும் போடாதே என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பெற்றோர் பதறி ஏஜென்டிடம் ஓடுகிறார்கள். பி.யு.சி. மதிப்பெண் பாதி, சி.இ.டி. பாதி சேர்த்து ரேங்க் வரும். வந்ததும் விருப்பம் பதிய கே.இ.ஏ. தரும் நாட்கள் கொஞ்சம்தான், தேதியும் மாறிக்கொண்டே இருக்கும். வருடா வருடம் இதே கூத்து, சரிசெய்ய யாருக்கும் மனமில்லை. அந்த நேரத்தில் பார்க்காத கல்லூரியையும் தாராளமாகப் போடுங்கள். முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் கே.இ.ஏ. தளத்திலேயே இருக்கிறது. பதிந்த பிறகு முதலில் மாதிரி ஒதுக்கீடுதான் வரும். அதில் வந்தது உங்களைக் கட்டுப்படுத்தாது. அதைப் பார்த்து, கிடைக்க வாய்ப்புள்ள இரண்டு கல்லூரிகளுக்கு மட்டும் மறுநாளே போய் வந்து, பட்டியலை மேலே கீழே மாற்றிக்கொள்ளலாம். கடைசித் தேதிக்குள் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"இப்போதே ஐம்பதாயிரம் கட்டினால் சீட் பிளாக் ஆகும்" என்று பரீட்சைக்கு முன்பே சொல்வார்கள். என் அக்கா வீட்டில் அப்படிக் கட்டினார்கள். பையனுக்கு நல்ல ரேங்க் வந்து வேறு இடத்தில் சேர்ந்தான். வாங்கியவர் போனை எடுக்கவே இல்லை, ரசீது என்று காட்ட ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் கர்நாடகத்தில் 1984 முதல் இருக்கிறது. இருந்தும் என்ன, கேட்பார் இல்லை. மேனேஜ்மென்ட் சீட்டே வேண்டும் என்றாலும் கல்லூரி அலுவலகத்தில், கல்லூரியின் பெயருக்கு, ரசீதோடுதான் பணம் தர வேண்டும்.

கல்லூரி பார்க்கப் போகும் அன்று ஒரிஜினல் மார்க்ஸ் கார்டைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். யாராவது "வெரிஃபிகேஷனுக்கு விட்டுப் போங்கள்" என்றால், சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. 2018-லேயே போட்ட உத்தரவு என்று சொல்லுங்கள். உங்கள் தெரிந்தவருக்கு ஜெராக்ஸ்கூட வேண்டாம்.