வீட்டில் செய்யும் பியருக்கு கேஸ் ஏற்றுவது எப்படி? கொழும்பு வெயிலுக்குப் போத்தல் சரிவருமா, கெக் (கேஸ் ஏற்றும் பெரிய உலோகக் கலன்) வாங்க வேண்டுமா?

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சக் கூடாது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. நான் பியர் காய்ச்சியதெல்லாம் மெல்பேர்னில். வெள்ளவத்தைக்குத் திரும்பிய பிறகு செய்வது இஞ்சி பியர் மட்டும்தான், அதுவும் ஈஸ்ட் போடாமல். ஏன் என்று கீழே வருகிறது.

போத்தல் முறையில் கேஸைத் தருவது ஈஸ்ட். பியர் நொதித்து முடிந்ததும் அளந்த சீனியைச் சேர்த்து மூடினால், மிச்சமுள்ள ஈஸ்ட் அதைத் தின்று காபனீரொட்சைட்டை விடும். மூடி இறுக்கமாக இருப்பதால் அது பியரிலேயே கரையும். லீற்றருக்கு ஏறக்குறைய 4 கிராம் சீனி போட்டால் ஒரு லீற்றர் பியருக்குள் ஒரு லீற்றர் கேஸ் சேரும். சாதாரண பியருக்கு இரண்டரை லீற்றர் வேண்டும். நொதித்தபோது தங்கிய கேஸ் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும். 20 பாகையில் 0.85 லீற்றர், நம்முடைய 30 பாகையில் 0.7 தான். ஆகவே இங்கே லீற்றருக்கு 7 கிராம் சீனி கணக்கு. தேக்கரண்டியை நம்பாமல் தராசில் நிறுங்கள். குளிர் நாட்டில் இரண்டு வாரம் எடுப்பது இந்தச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு இரண்டு நாள் பிரிட்ஜில் வைத்தே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கேஸ் பியரில் நிற்காமல் நுரையாக மேசையில் ஓடும்.

இஞ்சி பியரில் இந்தக் கணக்கு எடுபடாது. குடிக்க இனிப்பாக இருக்க வேண்டும் என்று சீனியை நிறையவே விட்டுவைக்கிறோம், ஈஸ்டுக்கு அது விருந்து. மூன்று நாள் வெளியே வையுங்கள் என்று வெளிநாட்டுக் குறிப்பில் இருக்கும். கொழும்பில் ஒரே நாளில் போத்தல் கல்லாக இறுகிவிடலாம். பிரிட்ஜில் வைத்தாலும் ஈஸ்ட் சாகாது, சோம்பிக் கிடக்கும், அவ்வளவுதான். 2022இல் 13 மணி நேரம் கரண்ட் போன நாட்களை நினைத்துப் பாருங்கள். கூடவே கொஞ்சம் அல்கஹோலும் சேரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எனக்கு அது வேண்டாம். அப்படியும் செய்வதென்றால் சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலையே எடுங்கள், விரலால் அமுக்கிப் பார்த்தாவது நிலவரம் தெரியும். வெறும் சாராயப் போத்தலில் மட்டும் ஊற்றாதீர்கள். அது கேஸின் அமுக்கத்தைத் தாங்கச் செய்த கண்ணாடி இல்லை, வெடித்தால் முகத்தில்தான் பாயும்.

கெக் என்பது 19 லீற்றர் பிடிக்கும் எவர்சில்வர் கலன். காபனீரொட்சைட்டு சிலிண்டரிலிருந்து (சமையல் கேஸ் அல்ல) அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாக கேஸ் உள்ளே போகும். ஈஸ்டே தேவையில்லை. ஆனால் சூடான திரவத்தில் கேஸ் ஏறாது. 4 பாகையில் இரண்டரை மடங்கு கேஸுக்குச் சதுர அங்குலத்துக்கு 12 இறாத்தல் அமுக்கம் போதும். அதே அளவை 30 பாகையில் ஏற்ற 38 இறாத்தல் வேண்டும். அப்படி ஏற்றினாலும் குழாயைத் திறந்தால் கிளாஸ் நிறைய நுரைதான் வரும். எனவே கெக் வாங்குகிறவர் அது நிற்கும் அளவுக்கு இன்னொரு பிரிட்ஜையும் வாங்க வேண்டும். கரண்ட் பில்லைப் பார்த்தால் எனக்கு அது கட்டுப்படியாகவில்லை.

நான் இப்போது செய்வது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. சிலிண்டர், ரெகுலேட்டர், அப்புறம் சோடாப் போத்தலின் வாயில் திருகும் கேஸ் மூடி. இஞ்சி, தேசிக்காய், சீனிப்பாகு கலந்து ஒன்றரை லீற்றர் போத்தலில் முக்கால்வாசி ஊற்றி, இரவு முழுக்கக் குளிர வைப்பேன். காலையில் போத்தலை நெருக்கிக் காற்றை வெளியேற்றி, மூடியைத் திருகி, 30 இறாத்தலில் கேஸ் விட்டு ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குவேன். அரை மணி நேரம் பிரிட்ஜில் கிடந்தால் குடிக்கலாம். கடையில் வாங்குவதைவிடக் காரமும் கூட.

கடைசியாக ஒன்று, இஞ்சிச் சாற்றை மெல்லிய துணியில் இரண்டு தடவை வடியுங்கள். நார் கிடந்தால் அதைச் சுற்றிக் கேஸ் பொங்கும், மூடியின் வால்வும் அடைக்கும்.