வாசகர் கேள்வி - பதில்: கைக்கு அளவெடுத்த பௌலிங் பந்து

கேள்வி: வணக்கம் ஐயா. இரண்டு ஆண்டுகளாக வியாழக்கிழமை மாலைகளில் அலுவலகத் தோழியரோடு டென்பின் பௌலிங் (பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் ஆட்டம்) ஆடி வருகிறேன். அரங்கில் அடுக்கி வைத்திருக்கும் பொதுப் பந்துகளில் 10 பவுண்டு எடையுள்ளதை எடுத்து நேராக உருட்டுவேன். மூன்றாவது ஆட்டம் முடிவதற்குள் கட்டைவிரலின் அடி சிவந்து வலிக்கிறது. என் எடை 60 கிலோ. சொந்தப் பந்து வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். வளைந்து ஓடும் விலையுயர்ந்த பந்தையே வாங்கும்படி தோழியர் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? - சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பந்தின் வகை பற்றிய கேள்வியன்று, கட்டைவிரல் வலிதான். பொதுப் பந்தின் துளைகள் யார் கைக்கும் நுழைய வேண்டும் என்பதற்காகப் பெரிதாகவே போடப்படுகின்றன. பெரிய துளையில் விரல் தளர்வாக நிற்பதால், பந்து நழுவிவிடுமோ என்று நாம் அறியாமலேயே கட்டைவிரலை மடக்கி இறுக்குகிறோம்; அந்த இறுக்கத்தோடு கையை வீசும்போது விரலின் அடித்தோல் துளையின் விளிம்பில் உரசுகிறது. ஆகவே நீங்கள் வாங்கப்போவது முதலில் உங்கள் கைக்கு அளவெடுத்துப் போட்ட துளைகளை. அவற்றைத் தாங்கும் பந்து அடுத்ததுதான். நம் ஊரில் 'பௌல்ஸ்' என்றாலே பலருக்குப் புல்தரை ஆட்டம்தான் நினைவுக்கு வரும் என்பதால், விளையாட்டுப் பொருள் கடைகளில் விசாரித்து அலைய வேண்டாம். டென்பின் அரங்கிலேயே கேளுங்கள். துளையிட்டுத் தருபவர் யார் என்று அங்கே ஆடும் மூத்த ஆட்டக்காரர்கள் சொல்வார்கள்.

அவரிடம் போகும்போது ஓர் ஆட்டமாவது ஆடி முடித்துவிட்டுப் போங்கள். ஆடியபின் கட்டைவிரல் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுதான் உங்களுக்குத் தேவை. கட்டைவிரல் துளையின் உள்விளிம்பிலிருந்து நடுவிரல் துளையின் உள்விளிம்பு வரையிலான தூரத்தையும், மோதிரவிரல் துளை வரையிலான தூரத்தையும் அவர் தனித்தனியே அளக்க வேண்டும், ஏனெனில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. தூரம் கூடிவிட்டால் உள்ளங்கை இழுபட்டுக் கட்டைவிரல் துளையில் சிக்கும். குறைந்துவிட்டால் மறுபடியும் பிடியை இறுக்கத் தொடங்குவீர்கள். துளை எந்தச் சாய்வில் இறங்குகிறது என்பதும் விரலின் வளைவுக்கேற்ப மாறும். நல்ல கைத்தேர்ச்சி உள்ளவர் நீங்கள் உருட்டுவதையும் நின்று பார்ப்பார்; உருண்டு திரும்பிய பந்தின்மேல் லேனில் (பந்து ஓடும் தளத்தில்) பூசிய எண்ணெய் வளையங்களாகப் படிந்திருக்கும் தடத்தை மெழுகுப் பென்சிலால் குறித்து, அதை வைத்துத் துளைகளின் இடத்தை முடிவு செய்வார்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் முதல் பந்துக்குத் துளையிட்டவர் கையை ஒருமுறை பந்தின்மேல் வைக்கச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். விரல்களுக்கு இடையிலான தூரம் கால் அங்குலம் கூடிப்போயிருந்தது. புதுப் பந்து பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று நம்பி ஆறு வாரங்கள் ஆடினேன். கட்டைவிரல் மூட்டில் தோல் உரிந்தது, மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கியது. பிறகு வேறொருவர் அந்தத் துளைகளை அடைத்து, புதிதாக அளந்து போட்டுக்கொடுத்த அன்றே வலி குறைந்தது. புதுச் செருப்பு கடிப்பதுபோல் இதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வலித்தால் அதே வாரத்தில் திரும்பப் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பிடியில் இரண்டு முறைகள் உண்டு. விரல்களை இரண்டாம் மூட்டு வரை நுழைப்பது பொதுப் பந்தின் வழக்கம். முதல் மூட்டு வரை மட்டும் நுழைப்பது பந்துக்குச் சுழற்சி தர விரும்புவோரின் முறை. இரண்டாவது பழக்கத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்றாலும், தொடர்ந்து ஆடப்போகிறவர் அதிலேயே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. டர்பனின் ஈரக்காற்றில் விரல் ஒரே மாலைக்குள் வீங்கியும் வற்றியும் போகும் என்பதால், கட்டைவிரல் துளைக்குள் ஒட்டவும் உரிக்கவும் கூடிய சிறு நாடாத் துண்டுகளை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

எடை விஷயத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதன்படி உங்களுக்கு 6 கிலோ, அதாவது ஏறத்தாழ 13 பவுண்டு வரும். விதிப்படி அதிகபட்சம் 16 பவுண்டு. நான் உங்களுக்கு 12 பவுண்டு போதும் என்பேன். கைக்குப் பொருந்திய பந்து பொதுப் பந்தைவிட இலேசாகத் தோன்றும் என்பதால், 10-இலிருந்து 12-க்குப் போவது நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கடினமாக இராது. மூன்றாம் ஆட்டத்தின் கடைசியிலும் தோள் சாயாமல் கை வீச முடிகிறதா என்பதுதான் சோதனை.

இனி வகைக்கு வருவோம். அரங்குகளில் பொதுவாக லேனின் தொடக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்கு எண்ணெய் பூசப்பட்டிருக்கும். தோழியர் சொல்லும் வளையும் பந்து ரியாக்டிவ் ரெசின் மேலுறை கொண்டது. எண்ணெயில் வழுக்கிச் சென்று, அது முடிந்த இடத்தில் தரையைப் பற்றிக்கொண்டு திரும்புகிறது. அப்படித் திரும்பி முதல் பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே சாய்வாகப் புகும் பந்துக்கு ஸ்ட்ரைக் (முதல் உருட்டலிலேயே பத்துப் பின்களும் வீழ்வது) வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்தத் திருப்பத்தின் பெரும்பகுதி ஆடுபவரின் கையிலிருந்து வருகிறது. சுழற்சியே தராமல் நேராக உருட்டுபவருக்கு அந்த மேலுறை சிறிதளவே உதவும், விலை மட்டும் கூடும். நீங்கள் முதலில் பாலியெஸ்டர் பந்தை வாங்குங்கள். அது நேராக ஓடும், எண்ணெயை உறிஞ்சாது, பல ஆண்டுகள் உழைக்கும். பின்னாளில் சுழற்சி கைவந்து ரியாக்டிவ் பந்து வாங்கினாலும், மீதி நிற்கும் பின்களை இரண்டாம் உருட்டலில் ஸ்பேராக வீழ்த்த இந்தப் பாலியெஸ்டர் பந்தையே எடுப்பீர்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களும் அதற்காகவே ஒன்றைப் பையில் வைத்திருக்கிறார்கள்.

ஆடி முடித்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, வீட்டுக்குள் எடுத்துச் சென்றுவிடுங்கள். தைப்பூசக் காலத்து வெயிலில் கார் டிக்கிக்குள் கிடக்கும் பந்து விரிசல் விடக்கூடும்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கட்டைவிரலைத் துளையில் வைக்காமல் இரண்டு கைகளாலும் உருட்டுகிறான். பக்கத்து வீட்டு அண்ணன் தம்முடைய பழைய ரியாக்டிவ் பந்தைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அதில் நான்கு துளைகள் இருக்கின்றன. வாங்கலாமா? - ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: மகனின் முறையைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியரான ஜேசன் பெல்மான்டி அப்படியே ஆடி, தொழில்முறைப் பெரும் பட்டங்கள் 15 வென்றிருக்கிறார். பந்தைப் பொறுத்தவரை, நான்காம் துளை முன்பு எடைச் சமநிலைக்காகப் போடப்பட்டது. அமெரிக்காவின் பௌலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி. 2020 ஆகஸ்ட் 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. பிடிப்பதற்குப் பயன்படாத எந்தத் துளையும் அந்தத் தடைக்குள் அடங்கும். கட்டைவிரலை வைக்காத உங்கள் மகனுக்குக் கட்டைவிரல் துளையும் அப்படிப்பட்டதே. வெறும் பொழுதுபோக்குக்கு இது தடையில்லை என்றாலும், லீக்கில் சேர்க்க எண்ணினால் அங்கே எந்த விதி பின்பற்றப்படுகிறது என்று செயலாளரிடம் கேளுங்கள்.

துளைகளை எல்லாம் அடைத்து, மகனின் விரல்களுக்கு இரண்டு மட்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அந்தச் செலவைப் பந்தின் விலையோடு கூட்டிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். வாங்குமுன் நல்ல வெளிச்சத்தில், நடுவிரல் துளைக்கும் மோதிரவிரல் துளைக்கும் இடையிலுள்ள குறுகிய பகுதியை நகத்தால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் விரிசல் தொடங்குவது அங்கேதான். மயிரிழை அளவு கோடு தட்டுப்பட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பந்தின் எடை மகனுக்கு அதிகமாக இருந்தால், இலவசமாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். வளரும் பிள்ளையின் முதுகும் தோளும்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைத்தால் மலிவாக இருக்குமா? - பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: பந்தின் விலையை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். 6, 7 கிலோ பொருளுக்கு அனுப்பும் செலவு உண்டு. அதோடு, தென்னாப்பிரிக்காவுக்குள் வரும்போது சுங்க மதிப்போடு அதில் பத்து சதவீதமும் தீர்வையும் கூட்டி, அந்தத் தொகைக்கு 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) கணக்கிடுவார்கள். தீர்வை இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 1000 ரேண்ட் மதிப்புக்கு வாட் மட்டும் 165 ரேண்ட் ஆகும். துளையிடும் கூலி தனி. துளையிட்ட பந்தை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஆகையால் உள்ளூரில் துளையிடுபவரிடம் முதலில் கையைக் காட்டி, வெளியில் வாங்கும் பந்துக்குத் துளையிட்டுத் தருவாரா என்று கேட்டு, அவர் சொல்லும் எடையையும் வகையையும் எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு பணம் கட்டுங்கள்.