வளரும் நாடுகளில் ஊடக நிறுவனங்கள் அரசியலை ஆட்டிவைக்கின்றனவா, இல்லை அரசியல் அவற்றை ஆட்டிவைக்கிறதா?

இரண்டும்தான். எந்தப் பக்கம் பிடி இறுகியிருக்கிறது என்று தெரிய, சானலைப் பார்த்துப் பயனில்லை. அதன் முதலாளிக்கு வேறு என்னென்ன தொழில்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

2013-இல் துருக்கியில், இஸ்தான்புல் நகரின் நடுவில் போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்துக்கொண்டிருந்த இரவில், சிஎன்என் டர்க் சானல் பென்குயின்கள் பற்றிய ஆவணப்படத்தை ஓட்டியது. அதே நேரம் சிஎன்என் இன்டர்நேஷனல் அரசுக்கு எதிரான அந்தப் போராட்டத்தை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது! மேலிடத்திலிருந்து போன் வந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பல தொழில்கள் வைத்திருந்த அதன் உரிமையாளர் தோவான் குழுமத்துக்கு 2009-இல் அரசு சுமார் 250 கோடி டாலர் வரி அபராதம் போட்டிருந்தது (பிறகு குறைத்தது). சூடுபட்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? 2018-இல் தோவான் குழுமம் தன் ஊடகங்களையே விற்றுவிட்டது.

பெரு நாட்டில் கதை வேறு. அங்கே விலைப்பட்டியலே கிடைத்தது. அதிபர் ஃபுஜிமோரியின் உளவுத்துறையை நடத்திய மோன்டெசினோஸ், லஞ்சம் கொடுப்பதைத் தானே வீடியோ எடுத்து வைத்திருந்தார். அந்தக் கணக்குகளை ஆராய்ந்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒரு டிவி முதலாளிக்குப் போன தொகை ஓர் அரசியல்வாதிக்குப் போனதைப் போல ஏறக்குறைய 100 மடங்கு. நீதிபதிகளுக்கு அதைவிடவும் குறைவு. யோசித்தால் நியாயமான விலைதான். ஒரு எம்.பி. முரண்டு பிடித்தால் இன்னொருவரைப் பிடிக்கலாம், பெரும்பான்மை வந்தால் போதும். சானல்களில் ஒன்று வாயைத் திறந்தாலே மற்றவற்றில் கொட்டிய காசு வீண்.

இதில் எனக்கு உறுத்துவது லஞ்சத்தைவிட, மக்கள் பழகிப்போவதுதான். செய்தியைக் கேட்பதற்கு முன்பே 'இது யார் சானல்?' என்று கேட்கிறோம். அப்புறம் உண்மையான ஊழல் செய்திகூட 'அந்தப் பக்கத்து ஆள் சொல்வது' என்று தள்ளுபடியாகிவிடுகிறது.

சரி, பெருவில் என்ன ஆயிற்று? கேபிளில் மட்டும் வரும், சந்தாதாரர்கள் குறைவு என்று மோன்டெசினோஸ் விலை பேசாமல் விட்டது கனால் என் என்ற சின்ன சானல். கட்சி மாறுவதற்காக ஒரு எம்.பி.க்கு அவர் 15,000 டாலர் கொடுக்கும் வீடியோ 2000 செப்டம்பர் 14 அன்று அதில்தான் ஓடியது. இரண்டே நாளில் ஃபுஜிமோரி புதுத் தேர்தல் அறிவித்தார். நவம்பரில் ஜப்பானுக்குப் போய், அங்கிருந்தே ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார்.