பாலஸ்தீனத்துக்காகப் போருக்கே போன அரபு நாடுகள், இப்போது ஏன் கண்டன அறிக்கையோடு நிறுத்திக்கொள்கின்றன?

ஒரே நாளில் கைவிட்டுவிடவில்லை. முதல் விரிசல் எகிப்தில்தான். 1973-இல் இஸ்ரேலுடன் மோதிய எகிப்து, 1979-இல் சமாதான ஒப்பந்தம் போட்டு, இஸ்ரேல் பிடித்துவைத்திருந்த சினாய் தீபகற்பத்தைத் திரும்பப் பெற்றது. கொதித்துப்போன அரபு லீக் (அரபு நாடுகளின் கூட்டமைப்பு) எகிப்தை இடைநீக்கம் செய்து, தலைமையகத்தையே கெய்ரோவிலிருந்து துனிஸுக்கு மாற்றியது. சரி, கோபம் நியாயம். ஆனால் எகிப்துப் படை இல்லாமல் யார் போருக்குப் போவது?

அப்புறம் 1990. இராக் அதிபர் சதாம் குவைத்தைப் பிடித்தபோது பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் அவர் பக்கம் சாய்ந்தார். வளைகுடா நாடுகள் பாலஸ்தீனத் தரப்புக்குக் கொடுத்துவந்த பணம் நின்றது. குவைத்தில் பிழைத்துவந்த லட்சக்கணக்கான பாலஸ்தீனர்கள் வெளியேற நேர்ந்தது. மறு ஆண்டே, ஆதரவாக இருந்த சோவியத் யூனியனும் இல்லை. 1993-இல் அராஃபத் இஸ்ரேலுடனான ஓஸ்லோ ஒப்பந்தத்துக்கு இறங்கிவந்தது வேறு வழியில்லாமல்தான் என்பது என் கணிப்பு.

2002 பெய்ரூட் மாநாட்டில் அரபு நாடுகள் இஸ்ரேலுக்குச் சொன்னது: 1967-இல் பிடித்த நிலத்தை விட்டு வெளியேறு, உறவு வைத்துக்கொள்கிறோம். 2020-இல் அமீரகமும் பஹ்ரைனும் அந்த நிபந்தனையை ஓரங்கட்டிவிட்டு இஸ்ரேலுடன் உறவு வைத்துக்கொண்டன. ஈரான் மீதான பயமும் வாஷிங்டனின் தயவும் அவர்களுக்குப் பெரிதாகப்பட்டன.

காஸா போருக்குப் பிறகு குரல் வேறு பக்கம் இருந்து வருகிறது. இஸ்ரேல் மீது வழக்கோடு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது தென்னாப்பிரிக்கா. 2024 ஏப்ரலில் பாலஸ்தீனத்துக்கு ஐ.நா. முழு உறுப்புரிமை கேட்ட தீர்மானத்தைப் பாதுகாப்பு அவையில் 12 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவின் வீட்டோ (தீர்மானத்தை ஒரே நாடு தடுக்கும் அதிகாரம்) தடுத்தது. அன்று வாக்களிக்காமல் ஒதுங்கிய பிரிட்டன், 2025 செப்டம்பரில் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது. அமெரிக்காவின் வீட்டோ மட்டும் அப்படியே இருக்கிறது.