மீசப்புலிமலை முகட்டு நடை: கேள்வி பதில்

சூரியநெல்லித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்து, கேரளத்தின் மூணாறு அருகேயுள்ள இம்மலையின் முகடுகளில் பல ஆண்டுகள் வழித்துணையாக நடந்தவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

போடி வாசகர்: சிகரத்தைவிடக் கணவாயில் காற்று பலமாக அடிப்பது ஏன்?

பதில்: மலைத்தொடர் காற்றுக்கு ஒரு சுவர். அச்சுவரில் தாழ்ந்த இடம் கணவாய் என்பதால், பரந்து வந்த காற்று அந்தக் குறுகிய வாயிலில் நெருக்குண்டு வேகம் கூடிப் பாய்கிறது. ஆகவே கணவாயை எட்டுவதற்கு முன்பே, பாறை மறைவில் நின்று கம்பளிச் சட்டையையும் மழைக்கோட்டையும் அணிந்து, பையின் வார்களை இறுக்கிக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பையைத் திறந்த ஒருவரின் மழைக்கோட்டு, கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் பறந்ததை நான் பார்த்திருக்கிறேன். இளைப்பாறுவதும் படமெடுப்பதும் கணவாயைக் கடந்த பிறகே.

மூணாறு மாணவி: மேலே எவ்வளவு குளிரும்?

பதில்: ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை (டிகிரி செல்சியஸ்) குறையும். மூணாறு சுமார் 1,500 மீட்டர், சிகரம் 2,640 மீட்டர். ஏழு பாகை குறைவு எனக் கொள்ளலாம். காற்றும் ஈர உடையும் சேர்ந்தால் உடல் உணரும் குளிர் இதைவிட மிகுதி.

கம்பம் வாசகர்: பாறை விளிம்பில் செல்லும்போது இடி இடித்தால்?

பதில்: மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிடுங்கள். ஆனால் முப்பது நொடிக்குக் குறைந்தாலே முகட்டில் இருக்கக் கூடாது. தனிப்பாறையையும் தனிமரத்தையும் நாடாமல், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுச் சரிவில் கீழே இறங்குங்கள். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரள்வதால், நண்பகலுக்குள் முகட்டைவிட்டு இறங்கும்படி புறப்படுவதே முறை.

தேனி வாசகர்: மார்ச் மாதத்தில் வரலாமா?

பதில்: காட்டுத்தீயை எண்ணிக் கவனமாக முடிவெடுங்கள். 2018 மார்ச்சில் உங்கள் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ மலையேற வந்த 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சரிவில் தீ மேல்நோக்கியே விரைகிறது. சுவாலை தனக்கு மேலுள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. எனவே தீயைக் கண்டு மேலே ஓடுவது ஆபத்து. புல்லில்லாத வெறும்பாறையோ ஏற்கெனவே எரிந்து தணிந்த நிலமோ பக்கத்தில் இருந்தால் அதுவே புகலிடம். வனத்துறை அனுமதி மறுக்கும் நாட்களில் வேறு வழியாக நுழைய முயல வேண்டாம்.

அடிமாலி வாசகர்: மஞ்சு (மூடுபனி) மூடி வழி மறைந்துவிட்டால்?

பதில்: நில்லுங்கள். இருபுறமும் பள்ளமாக இருக்கையில் தேடி நடப்பதைவிட, விளிம்பிலிருந்து விலகி அமர்ந்து மஞ்சு விலகும் வரை காத்திருப்பது நல்லது. விலகாவிட்டால், வந்த வழி தெளிவாகத் தெரியும் அளவுக்கு மட்டுமே, முன்னவர் பின்னவரைக் குரல் கொடுத்து அழைத்தபடி திரும்புங்கள்.