எலக்ட்ரானிக் மிக்ஸில் கிக் (பெரிய டிரம் அடி), பேஸ் (தாழ்ந்த சுரம்), உருமி எல்லாம் ஒன்றோடொன்று மோதுகின்றன. எந்த ஈக்யூ பிளக்-இன் (ஒலியின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் மென்பொருள்) வாங்கலாம்?

எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் சாஃப்ட்வேரோடு வந்த ஈக்யூவே போதும். அதுவும் கடைசியில்தான் தேவைப்படும்.

மாரியம்மன் நோம்பியில் போனில் பதிவு செய்த உருமியையும் கும்மிப் பாட்டையும் எடுத்து, நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் கிக், சப் பேஸ் (மிகத் தாழ்ந்த பேஸ்), பேட் (நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் சுரங்கள்) சேர்த்திருக்கிறீர்கள். தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் அருமை, சேர்த்தால் சேறு என்கிறீர்கள். ஈரோட்டுப் பக்கம் இப்படி நோம்பி மேளத்தையும் சிந்தசைசரையும் கலப்பவர்கள் இப்போது நிறையப் பேர். எனக்கும் இதே வேலைதான், வீட்டு அறையில்.

முதலில் சோலோ பட்டனை மறந்துவிடுங்கள். தனியாகக் கேட்கும்போது அழகாக இருக்கும்படி ஒவ்வொரு டிராக்கையும் செதுக்கினால், எல்லாமே குண்டாகவும் பளபளப்பாகவும் வந்து ஒரே இடத்தில் உட்காரும். மற்றவை ஓடும்போது ஒரு டிராக் என்ன செய்கிறது என்பது மட்டும்தான் கணக்கு.

மோதல் கீழ்ப் பகுதியில் அதிகம் தெரிவதற்குக் காரணம் நம் காது. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, சுமார் 100 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் விழும் இரண்டு ஒலிகளைக் காது தெளிவாகப் பிரிப்பதில்லை. உங்கள் பேட் 131, 165 ஹெர்ட்ஸில் இரண்டு சுரங்களைச் சேர்த்துப் பிடித்தால் உறுமல்தான் கேட்கும். தவிர, சத்தமான தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ளதை அமுக்கும் அளவுக்கு, மேலே உள்ளது கீழே உள்ளதை அமுக்காது. பேஸ் பெருத்தால் பாட்டுக்காரியின் குரல் மங்குவது இதனால்தான். இதற்கு மருந்து ஈக்யூ இல்லை. பேட்டை ஒரு ஆக்டேவ் ஏற்றி வாசியுங்கள், அல்லது அதன் கீழ்ச் சுரத்தை எடுத்துவிடுங்கள், அதைத்தான் பேஸ் ஏற்கெனவே வாசிக்கிறதே.

அப்புறம் கிக்கும் பேஸும். இரண்டில் யார் அடியில், யார் மேலே என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கிக்கின் உடம்பு 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால், பேஸின் கனம் 80, 100 பக்கம் இருக்கட்டும். இல்லை, சப் பேஸ்தான் பாட்டின் உயிர் என்றால், கிக்கைக் குட்டையாக்கி மேலே தள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே இடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நேரத்தைப் பங்கு போடலாம்: கிக் விழும்போது பேஸ் தணியும்படி சைடுசெயின் கம்ப்ரசர். 120 வேகத்தில் ஒரு அடிக்கு 500 மில்லி நொடி. ரிலீஸ், அதாவது தணிந்த பேஸ் பழைய அளவுக்குத் திரும்பும் நேரம், 100 முதல் 150 வரை இருந்தால், இரண்டு அடிக்கு நடுவில் வரும் பேஸ் சுரம் முழுதாக ஒலிக்கும். நான்கைந்து டெசிபல் தணிந்தாலே போதும். பத்துக்கு மேல் போனால் பாட்டே மூச்சு வாங்குவது போலிருக்கும். ஹவுஸ் பாணிக்கு அது அழகு, கும்மிப் பாட்டுக்கு எனக்குப் பிடிக்காது.

அப்படியும் கனமே இல்லையென்றால், ஈக்யூவைத் தொடும் முன் பேஸ் டிராக்கின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள், அதாவது அலையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். இரண்டு அலைகள் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று கழித்துக்கொண்டிருக்கலாம். எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உருமிதான் உங்கள் மிக்ஸில் நிஜமான சிக்கல். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அதன் முனகல் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கும். நிற்காத ஒலிக்கு நிலையான வெட்டு எப்படிப் பொருந்தும்? 90-இல் வெட்டினால் அது 130-இல் வந்து மோதும். ஒலி பெருக்கும்போது மட்டும் வெட்டும் டைனமிக் ஈக்யூ ஓரளவு உதவும். ஆனால் நான் செய்வது வேறு: உருமி முனகும் இடத்தில் பேஸை வாசிக்கவே மாட்டேன். உருமிதான் அங்கே பேஸ். கேட்பவர்கள் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். போன் பதிவில் இன்னொன்றும் கவனியுங்கள். அடியில் காற்று இரைச்சலும், மின் இணைப்பிலிருந்து வரும் 50, 100 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் கிடக்கலாம். தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் ஹைபாஸ் ஃபில்டரை மெதுவாக ஏற்றுங்கள், முனகல் மெலியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் இறக்குங்கள்.

எல்லாக் குழப்பமும் அதிர்வெண் மோதல் இல்லை. உங்கள் கும்மி ஒரு அடிக்கு மூன்று மூன்றாக ஓடினால், அதன் மேல் நேர் பதினாறாக (ஒரு அடிக்கு நான்காக) ஹை-ஹாட் வைக்கும்போது ஒரு தட்டு 333 மில்லி நொடியிலும் இன்னொன்று 375-இலும் விழும். அது இரட்டைத் தட்டாகத்தான் கேட்கும், எந்த ஈக்யூவும் அதைச் சரி செய்யாது. கைத்தட்டலும் அப்படியே. இருபது பெண்கள் தட்டும் ஓசை கையில் இருக்கும்போது மெஷின் கிளாப் எதற்கு? மியூட் செய்யுங்கள்.

இனி ஈக்யூ. நடுப் பகுதியில் குரலுக்கு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை வழி விட்டு, முன்னணி மெட்டு வாசிக்கும் சிந்தசைசரை அங்கே இரண்டு மூன்று டெசிபல் அகலமாகக் குறையுங்கள். ரிவெர்ப் (எதிரொலி) திரும்பி வரும் டிராக்கிலும் ஒரு ஹைபாஸ் போடுங்கள், பாதிச் சேறு அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் இதையெல்லாம் எந்த அறையில் உட்கார்ந்து செய்கிறீர்கள்? பத்தடிக்குப் பத்தடி அறையில் முதல் ஒத்ததிர்வு சுமார் 56 ஹெர்ட்ஸ், கிக் இருக்கும் அதே இடம். அறை நடுவில் உட்கார்ந்தால் அது காணாமல் போகும், சுவரோரம் போனால் அதிரும். கிக் குறைகிறது என்று நீங்கள் ஏற்றுவது அறையின் குறையாக இருக்கலாம். நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்துங்கள், அடிப் பகுதியை ஹெட்போனில் சரி பாருங்கள்.

கடைசியாக, பாட்டு எங்கே ஒலிக்கப் போகிறது என்பது. எங்கள் ஊர் மைக் செட்டுக்காரர் ஒருவர் இப்படிப்பட்ட பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இதுல பேஸே இல்லீங்களே" என்றார். அவருடைய கூம்பு ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் வரவே வராது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு) சேர்த்தால் 110, 165, 220 என்று மேல் அதிர்வுகள் பிறக்கும். அவற்றை வைத்து இல்லாத அடிச் சுரத்தை மூளையே ஊகித்துக்கொள்ளும். அந்த மேல் அதிர்வுகள் உருமியோடு மோதுகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பொள்ளாச்சி பக்கம் போகும் தனியார் பஸ் ஒன்றில் டிரைவரிடம் பென்டிரைவைக் கொடுத்துப் பாருங்கள்.