பதினாலில் நிற்கும் புதிர்: கணினி கேள்வி-பதில்

கேள்வி: வாளையாரில் வரிசையாக ஐந்து லாரிகள். நிறம், சரக்கு, டிரைவரின் ஊர், போகுமிடம், டீக்கடையில் குடித்தது என ஐந்து விவரங்கள், 15 குறிப்புகள். இந்தப் புதிருக்கு ஜெனடிக் அல்காரிதம் (பல விடை அமைப்புகளைக் கூட்டமாக வைத்து, நல்லவற்றைத் தேர்ந்து கலந்து, தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் நிரல்) எழுதினேன். 14 குறிப்புகள் பொருந்துகின்றன; ராத்திரி முழுக்க ஓடவிட்டும் பதினைந்தாவது வரவில்லை. எங்கே தப்பு?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் புதிர் வந்த புத்தகத்தில் உள்ள விடையைக் கையால் உள்ளிட்டு மதிப்பெண் (பொருந்தும் குறிப்புக்கு ஒன்று) போடச் சொல்லுங்கள். 15 வரவில்லையென்றால் குறிப்புகளை நிரலில் எழுதிய இடத்தில்தான் கோளாறு. ‘பக்கத்தில்’ என்றால் முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். ‘நேர் பின்னால்’ என்றால் ஒரே பக்கம். பலர் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள்.

15 வந்தால், அடுத்து இரண்டு அமைப்புகளைக் கலந்து புதியதை உண்டாக்கும் விதத்தைப் பாருங்கள். 25 எண்களை ஒரே சரமாக வைத்து நடுவில் வெட்டி ஒட்டினால் இரண்டு பச்சை லாரிகள் முளைக்கும். ஐந்து விவரங்களுக்கும் தனித்தனி வரிசை வையுங்கள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 5 வரை ஒருமுறைதான். பிள்ளைக்கு ஒரு வரிசையை முழுசாகத் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ எடுங்கள். திடீர் மாற்றம் என்பது ஒரே வரிசைக்குள் இரண்டு இடங்களை மாற்றிப்போடுவது மட்டுமே. இப்படி வைத்தால் மொத்தம் 2,488 கோடியே 32 லட்சம் அமைப்புகள்.

இனி அந்தப் பதினாலு. 14 என்றால் விடை பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அங்கிருந்து விடைக்குப் போக மூன்று வரிசைகளைச் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றினால் மதிப்பெண் 11க்கு இறங்கும், தேர்வு அதைக் கழித்துக்கட்டிவிடும். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் அந்த 14இன் நகல்களாகிவிடும். தலைமுறைக்குத் தலைமுறை எத்தனை வேறுவேறு அமைப்புகள் மிஞ்சுகின்றன என்று அச்சிட்டுப் பாருங்கள். 200 பேர் கூட்டத்தில் அது 20க்குக் கீழே போனால் ராத்திரி முழுக்க ஓடியும் பயனில்லை.

நகல்களை நீக்குங்கள். தாய் தகப்பனைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் ஒவ்வொரு முறையும் மூன்று அமைப்புகளை மட்டும் மோதவிடுங்கள், ஏழு வேண்டாம். 50 தலைமுறை முன்னேற்றம் இல்லையென்றால் அந்த 14ஐயும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்; அதை வைத்துக்கொண்டால் கூட்டத்தை மறுபடி நிரப்பிவிடும். பொருந்தாத குறிப்புக்கு மதிப்பெண்ணில் தரும் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதும் நல்ல வழி.

கேள்வி: சுடோகுவுக்கும் இதேதானா? பிழை 2இல் நின்றுவிடுகிறது.
- வாசகி, கோவிந்தாபுரம்

பதில்: ஒவ்வொரு 3×3 கட்டத்திலும் 1 முதல் 9 வரை நிரப்பி, கொடுத்த எண்களைத் தொடாமல், மற்றவற்றை அதே கட்டத்துக்குள்ளேயே மாற்றுங்கள். வரிசைகளிலும் பத்திகளிலும் எத்தனை எண்கள் விடுபட்டிருக்கின்றன என்று எண்ணிக் கூட்டினால் அதுவே பிழை. ஒரு வரிசையில் 5 என்ற எண் இரண்டாவது முறை வந்தால் இன்னொன்றில் அது குறைந்தே தீரும். ஆகவே 2க்கு அடுத்து 0தான். எப்போதாவது 1 காட்டினால் எண்ணும் நிரலில் தவறு.

கேள்வி: புதிருக்கு விடையே இல்லையென்றால் இந்த முறை சொல்லுமா?
- வாசகர், வேலந்தாவளம்

பதில்: சொல்லாது, ஓடிக்கொண்டே இருக்கும். விடை ஒன்றுதானா என்றும் சொல்லாது. அதற்கு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, முரண்பட்டால் பின்வாங்கும் முறைதான் சரி. மேலே சொன்ன லாரிப் புதிரை அது கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும். தமிழ், மலையாளம் இரண்டு வழியிலும் வகுப்பு நடக்கும் பள்ளிக்கு ஓரளவு நல்ல கால அட்டவணை போதும் என்றால், அங்கே ஜெனடிக் அல்காரிதத்தைப் போடுங்கள்.